கொடிக்கேற்ற கட்டு

பாகற்கொடி பந்தலில் நன்றாகப் படர்ந்திருக்கிறது. பூக்கள் மலர்ந்து, பிஞ்சுகளும் தோன்றிவிட்டன. இந்நிலையில் அதன் ஒரு கிளை மட்டும் வாடத் தொடங்கினால், நாம் எதனைக் காரணமாகக் கருதுவோம்? தண்ணீர் போதவில்லை என்போம். பூச்சி தாக்கிவிட்டது என்போம். உரம் மிகுந்துவிட்டது என்றும் சொல்வோம். ஆனால், சில வாரங்களுக்கு முன் நாமே கட்டிய கயிற்றை இலைகளை விலக்கிப் பார்ப்பவர் சிலரே. அன்று தளர்வாக இருந்த அந்தக் கயிறு, தண்டு பருத்த பின் அதனை நெரித்துக்கொண்டிருக்கலாம்.

செடியைத் தாங்குவதற்காகக் கட்டிய கட்டே அதற்குக் கேடாக முடிவது தோட்டங்களில் அடிக்கடி நிகழ்வதுதான். கைக்கு எட்டிய கயிற்றை எடுத்து, அவிழாதபடி இறுக்கிக் கட்டிவிட்டு, அத்தோடு அதனை மறந்துவிடுகிறோம். செடி வளர்கிறது, கட்டு வளர்வதில்லை. எனவே, செடியைக் கட்டும் பொருளைத் தேர்ந்தெடுக்கும் முன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. இப்பொருள் தண்டினை உறுத்துமா? இது எவ்வளவு காலம் உழைக்கும்? தன் வேலை முடிந்த பின் இது எங்கே போய்ச் சேரும்?

எந்தச் செடிக்குக் கட்டுத் தேவை?

கொடி பற்றிப் படர்வதற்கு உதவும் கோலினைத் தமிழில் கொழுகொம்பு என்பர். பற்றிப் படர வழியின்றித் தவித்த முல்லைக்கொடிக்காகத் தன் தேரையே விட்டுச் சென்ற பாரி வள்ளலின் கதையை நாம் அறிவோம். நல்ல கொழுகொம்பு கிடைத்துவிட்டால் பல கொடிகள் தாமாகவே ஏறிவிடும். ஆனால், எல்லாக் கொடிகளும் ஒரே முறையில் ஏறுவதில்லை.

பயற்றங்கொடியும் சங்குப்பூக் கொடியும் தம் தண்டினாலேயே கோலைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. நாசி கெராபு சோற்றுக்கு நீல நிறம் தருவது இந்தச் சங்குப்பூதான். பாகல், பீர்க்கு, புடல், வெள்ளரி ஆகியவை மெல்லிய பற்றுக்கம்பிகளை நீட்டி, கிடைத்ததைப் பிடித்துக்கொள்கின்றன. மிளகும் வெற்றிலையும் கணுக்களில் தோன்றும் பற்றுவேர்களால் மரத்தையோ தூணையோ ஒட்டிக்கொள்கின்றன. இம்மூன்று வகைகளுக்கும் இளம் பருவத்தில் மட்டுமே நம் உதவி தேவை. கொழுகொம்பை எட்டும் வரை ஒன்றிரண்டு இடங்களில் கட்டிவிட்டால், பின்னர் அவை தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளும்.

தக்காளி இவற்றினின்று வேறுபட்டது. அதற்குச் சுற்றும் தண்டும் இல்லை, பற்றுக்கம்பியும் இல்லை. காய்களின் பாரம் கூடக்கூட அது தரையில் சாய்ந்துவிடும். காகிதப்பூச் செடியோ வளைந்த முட்களின் உதவியால் மற்ற செடிகளின் மீது சாய்ந்து ஏறும். வழவழப்பான இரும்புக் கம்பிகளில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. இத்தகைய செடிகளை நாம்தாம் கட்டிவிட வேண்டும். ஆகவே, எந்தச் செடி எவ்வாறு ஏறுகிறது என்பதை அறிந்துகொண்டால், தேவையற்ற கட்டுகள் பலவற்றைத் தவிர்த்துவிடலாம்.

பற்றுக்கம்பி கற்பிக்கும் பாடம்

நல்ல கட்டு எப்படி இருக்க வேண்டும் என்பதைச் செடியே நமக்குக் காட்டுகிறது. ஆங்கிலேய இயற்கையியல் அறிஞர் சார்லஸ் டார்வின், கொடிகள் ஏறும் முறைகளைத் தம் வீட்டிலேயே வளர்த்துக் கவனித்தார். அவருடைய ஆய்வு 1865-ஆம் ஆண்டில் கட்டுரையாகவும், 1875-ஆம் ஆண்டில் நூலாகவும் வெளிவந்தது. பற்றுக்கம்பிகளைப் பற்றி அவர் விரிவாக எழுதியுள்ளார்.

பற்றுக்கம்பியின் நுனி ஒரு கோலைத் தொட்டதும் அதனை இறுகச் சுற்றிக்கொள்கிறது. அதன் பின், நுனிக்கும் தண்டுக்கும் இடைப்பட்ட பகுதி சுருள்வில் போலச் சுருள்கிறது. ஒரு பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் சுருண்டிருப்பதைப் பாகற்கொடியிலும் வெள்ளரிக்கொடியிலும் நாம் எளிதில் காணலாம். புயற்காற்று வீசும்போது இந்தச் சுருள் நீண்டு கொடுக்கும். காற்று ஓய்ந்ததும் பழைய நிலைக்குச் சுருங்கும். இதனால் கொடி அறுந்து விழாமல் தப்புகிறது. கடும் காற்றின்போது டார்வின் வேலியோரத்திற்குச் சென்று இதனை நேரில் கண்டறிந்தார்.

கோலைப் பிடிக்கும் இடத்தில் உறுதி. தண்டை நோக்கிய பகுதியில் நெகிழ்ச்சி. இவ்விரண்டும் சேர்ந்ததே நல்ல கட்டு. நாம் தேர்ந்தெடுக்கும் கயிறும் கட்டும் முறையும் இதையே பின்பற்ற வேண்டும்.

இறுகினால் என்ன ஆகும்?

தண்டின் உள்ளே இருவகைக் குழாய்த்திசுக்கள் உள்ளன. சைலம் வேரிலிருந்து நீரையும் கனிமச்சத்துகளையும் மேலே கொண்டு செல்கிறது. புளோயம் இலைகளில் உருவான உணவை மற்றப் பகுதிகளுக்கும் வேருக்கும் எடுத்துச் செல்கிறது. மரத்தன்மை கொண்ட தண்டுகளில் புளோயம் பட்டையை ஒட்டியே அமைந்திருப்பதால், இறுகிய கட்டு முதலில் அதனைத்தான் நசுக்குகிறது. வேருக்குச் செல்ல வேண்டிய உணவு தடைபடுகிறது. கட்டுக்கு மேலே தண்டு வீங்குகிறது. பாகல், தக்காளி போன்ற மென்தண்டுச் செடிகளில் மெல்லிய கயிறு தண்டினுள்ளேயே பதிந்துவிடும். அப்போது நீர் செல்லும் வழியும் கெடுகிறது. கட்டுக்கு மேலுள்ள கிளை வாடுகிறது. வெட்டுப்பட்ட இடத்தின் வழியே நோய்க்கிருமிகளும் நுழைகின்றன.

இங்கே அறிவியல் பாடத்தில் கற்ற அழுத்தத்தை நினைவுகூர்வோம். ஒரே விசை சிறிய பரப்பில் செயல்படும்போது அழுத்தம் மிகும். பெரிய பரப்பில் செயல்படும்போது குறையும். கனமான புத்தகப்பைக்கு அகலமான தோள்பட்டி வைப்பதும் இதனால்தான். அதே பையை மெல்லிய கயிற்றால் தோளில் மாட்டினால் சிறிது நேரத்திலேயே வலிக்கும். செடிக்கும் அப்படித்தான். 1 மில்லிமீட்டர் அகலமுள்ள நைலான் நரம்பும் 20 மில்லிமீட்டர் அகலமுள்ள துணிப்பட்டையும் ஒரே பாரத்தைத் தாங்குவதாகக் கொள்வோம். துணிப்பட்டை தண்டின் மீது தரும் அழுத்தம், நரம்பு தருவதில் ஏறத்தாழ 20-இல் ஒரு பங்குதான்.

இன்னொரு செய்தியும் உண்டு. காற்றில் சிறிது அசைந்தாடும் தண்டு, அசையாமல் கட்டப்பட்ட தண்டைவிடப் பருத்து உறுதியாக வளரும். எனவே, செடியைக் கோலோடு கோலாக இறுக்கிவிடுவது அதற்குச் செய்யும் உதவியாகாது.

இயற்கைப் பொருள்கள்

துணிப்பட்டை: பழைய பருத்திச் சட்டை, பனியன் ஆகியவற்றை 2 முதல் 3 சென்டிமீட்டர் அகலத்தில் கிழித்துக்கொண்டால் போதும், செலவில்லாத, மென்மையான கட்டு கிடைத்துவிடும். பனியன் துணி சிறிது நீண்டு கொடுக்கும் என்பதால் தக்காளிக்கு மிகவும் ஏற்றது. ஆயினும், செயற்கை இழை கலந்த துணி மண்ணில் மட்காது. வாங்கும்போது சட்டையில் தைத்திருந்த அடையாளத் துண்டைப் படித்தால், அது முழுப் பருத்தியா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

சணல் கயிறு: இந்தியாவின் மேற்கு வங்காளத்திலும் வங்காளதேசத்திலும் மிகுதியாக விளையும் சணல் செடியின் தண்டிலிருந்து இது கிடைக்கிறது. இதன் சொரசொரப்பு முடிச்சை வழுக்காமல் காக்கும். கட்டிய இடத்தை விட்டுக் கீழே இறங்காமலும் நிற்கும். சணல் நீரை உறிஞ்சும் இயல்புடையது. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெறும் நம் நாட்டில், திறந்தவெளியில் கட்டிய சணல் சில மாதங்களில் நைந்துவிடும். இது குறையாகத் தோன்றலாம். ஆனால், இரண்டு மூன்று மாதங்களில் அறுவடை முடியும் காய்கறிக் கொடிகளுக்கு இதுவே நன்மையாகிறது. அறுவடைக்குப் பின் கொடியையும் கயிற்றையும் சேர்த்தே மட்குரக் குழியில் இடலாம்.

தேங்காய்நார்க் கயிறு: இது சணலைவிட நெடுங்காலம் மழையைத் தாங்கும். உறுதியும் மிகுதி. ஆனால், இதன் இழைகள் முரடானவை. இளந்தண்டின் மேல்தோலை உராய்ந்து புண்ணாக்கிவிடும். ஆதலால், பந்தலின் கோல்களை ஒன்றோடொன்று பிணைக்கவும், கொடி ஏறுவதற்கு வலைபோலப் பின்னவும் தேங்காய்நாரைப் பயன்படுத்தலாம். தண்டைச் சுற்றும் கட்டுக்கு வேறொன்றைத் தேடுவதே நல்லது.

வாழைநார்: பூக்கட்டுவோர் வாழைநாரை நீரில் நனைத்துப் பயன்படுத்துவதை நாம் பார்த்திருப்போம். நனைந்த நார் வளைந்து கொடுக்கும். காய்ந்த நார் முறிந்துவிடும். கொல்லையில் வாழை இருந்தால், இளங்கொடியைக் கோலோடு சேர்த்து வைக்கும் முதற்கட்டுக்கு இந்த நாரே போதும். கொடி தானே பற்றிக்கொள்ளும் வேளையில் நாரும் காய்ந்து உதிர்ந்துவிடும்.

ஞெகிழியும் கம்பியும்

நம் கடைகளில் வண்ண வண்ண உருண்டைகளாகக் கிடைக்கும் ரஃபியா கயிறு எல்லார் வீட்டிலும் இருக்கும். ரஃபியா என்பது உண்மையில் ஆப்பிரிக்காவிலும் மடகாஸ்கரிலும் வளரும் ஒரு பனை வகையின் பெயர். அதன் ஓலையிலிருந்து உரித்த நாரே முதன்முதலில் அப்பெயரால் வழங்கியது. தோட்டக்காரர்கள் செடி கட்டுவதற்கு அந்த நாரைத்தான் பயன்படுத்தினர். இன்று நாம் வாங்குவது அதே பெயரைத் தாங்கிய ஞெகிழிக் கயிறு.

ஞெகிழி ரஃபியா மலிவானது; விரித்துக் கட்டினால் அகலமாகவும் இருக்கும். ஆனால், திரிந்து சுருண்டுவிட்டால் மெல்லிய கயிறாகித் தண்டினை அறுக்கும். வெயிலில் நாள்பட இருந்தால் புற ஊதாக் கதிர்களால் வலுவிழந்து, நார் நாராகப் பிரிந்து உதிரும். உதிர்ந்த துணுக்குகள் மட்குவதில்லை. மண்ணோடு கலந்து மேலும் மேலும் சிறியனவாக உடைகின்றன. மழைநீர் அவற்றைக் கால்வாய்க்கும் ஆற்றுக்கும் இழுத்துச் செல்கிறது. ஒரு பருவத்துக் காய்கறிக்காகக் கட்டிய கயிறு, அதற்குப் பின் பல்லாண்டுகள் மண்ணில் தங்கிவிடுகிறது.

மீன்பிடி நரம்பு மிகவும் உறுதியானது, மிகவும் மெல்லியது. அதனாலேயே அது செடிக்கு ஆகாது. பறவைகளின் கால்களும் அதில் சிக்கிக்கொள்ளும். மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்ட உதவும் கேபிள் டை என்னும் ஞெகிழிப் பட்டையை இறுக்கலாம். ஆனால் தளர்த்த முடியாது. செடி பருக்கும்போது விட்டுக்கொடுக்காத கட்டு இது. பந்தற்கோல்களை இணைக்க மட்டுமே இதனைப் பயன்படுத்தலாம்.

ஞெகிழி உறையிட்ட பச்சைக் கம்பியை எளிதில் முறுக்கவும் பிரிக்கவும் முடியும். பல பருவங்களுக்குப் பயன்படுத்தவும் முடியும். இருப்பினும், அதன் பச்சை நிறம் இலைகளுக்கிடையில் மறைந்துவிடுவதால், கட்டியவரே அதனை மறந்துவிடுகிறார். கம்பி நீண்டு கொடுப்பதுமில்லை, அறுந்து போவதுமில்லை. ஆகவே, கம்பியைப் பயன்படுத்துவோர் அதன் முனைகளைக் கண்ணிலும் கையிலும் குத்தாதவாறு மடக்கிவிட வேண்டும். கட்டிய இடங்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பதும் நன்று.

கொக்கிப் பற்றுநாடாவையும் சில கடைகளில் செடி கட்டுவதற்கென்றே விற்கின்றனர். ஆடையில் ஒட்டிக்கொள்ளும் முட்காய்களைக் கவனித்த சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் உருவாக்கிய கண்டுபிடிப்பு இது. செடியிடம் கற்ற பாடம் இன்று செடிக்கே பயன்படுகிறது. இந்நாடா அகலமானது, தண்டு பருக்கப் பருக்கத் தளர்த்தி ஒட்டலாம். விலை சற்று அதிகம். ஆதலால், கழற்றி மீண்டும் மீண்டும் பயன்படுத்தினால்தான் அதனை வாங்கியதன் பயன் கிட்டும்.

காலமறிந்து கட்டுதல்

செடி எவ்வளவு காலம் வாழும் என்பதைவிட, கட்டு எவ்வளவு காலம் தேவை என்பதே முக்கியம். இதற்குச் சரவாக்கின் மிளகுத் தோட்டங்கள் சிறந்த எடுத்துக்காட்டு. மலேசியாவின் மிளகு பெரும்பாலும் சரவாக்கில்தான் விளைகிறது. அங்கே உறுதியான பெலியான் மரத்தூண்களின் அருகில் மிளகுக்கொடியை நடுவது வழக்கம். கொடி வளர வளர, அதன் கணுக்கள் தூணைத் தொடும்படி கட்டிவிடுவர். கணுவில் தோன்றும் பற்றுவேர் தூணைப் பிடித்துக்கொண்டதும் அந்தக் கட்டின் வேலை முடிந்துவிடுகிறது. மிளகுக்கொடி பல்லாண்டுகள் வாழ்ந்து காய்க்கும். ஆயினும், ஒவ்வொரு கட்டும் தேவைப்படுவது சிறிது காலத்திற்குத்தான். இங்கே பல்லாண்டு உழைக்கும் கம்பியைவிட, சில மாதங்களில் நைந்துவிடும் மென்மையான கயிறே ஏற்றது.

கேமரன் மலையில் மழைக்காப்புக் கூடாரங்களில் தக்காளி பயிரிடப்படுகிறது. இத்தகைய கூடாரங்களில் தக்காளியை நிமிர்த்தி வளர்க்க ஒரு முறையுண்டு. மேலே நீளக் கம்பி கட்டி, அதிலிருந்து ஒவ்வொரு செடிக்கும் ஒரு கயிற்றைத் தொங்கவிடுவர். தண்டின் அடியில் கயிற்றைத் தளர்வான வளையமாகக் கட்டி, செடி வளர வளரத் தண்டைக் கயிற்றோடு சுற்றிவிடுவர். முடிச்சு ஒன்றுதான், பாரமோ தண்டின் முழு நீளத்திற்கும் பரவிவிடுகிறது. முடிச்சுகள் குறைவதால் தண்டு நெரிபடும் இடங்களும் குறைகின்றன.

வேலியில் ஏற்றிய காகிதப்பூவின் நிலை வேறு. அது மரத்தன்மை கொண்டது. ஆண்டுக்கணக்கில் கட்டுத் தேவைப்படும். இதற்கு அகலமான பற்றுநாடாவோ பழைய மிதிவண்டி டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டையோ பொருந்தும். நீண்ட காலம் உழைக்கும் பொருளைத் தேர்ந்தெடுப்பவர், அதனை நீண்ட காலம் கவனித்துவரும் பொறுப்பையும் ஏற்க வேண்டும். மாதம் ஒருமுறையேனும் பார்த்துத் தளர்த்திவிட வேண்டும்.

கட்டும் முறை

நல்ல பொருளைத் தேர்ந்தெடுத்தாலும், கட்டும் முறை தவறினால் பயனில்லை. பின்வரும் முறையைப் பின்பற்றுவோம்.

முதலில், கயிற்றைக் கோலில் இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லையெனில், செடியின் பாரத்தால் கட்டு கீழே வழுக்கிவிடும். அடுத்து, கயிற்றின் இரு முனைகளையும் கோலுக்கும் தண்டுக்கும் இடையில் ஒருமுறை குறுக்காக மாற்ற வேண்டும். பின்னர், தண்டைச் சுற்றித் தளர்வாக முடிச்சிட வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது கட்டு 8 என்னும் எண்ணைப் போலத் தோன்றும். இந்தக் குறுக்கு மாற்றம் தண்டு கோலில் உராயாமல் காக்கும். தண்டுக்கும் கயிற்றுக்கும் இடையில் நம் சுட்டுவிரல் எளிதில் நுழைய இடமிருக்க வேண்டும்.

இலைக் காம்பு தோன்றும் கணுவுக்குச் சற்றுக் கீழே கட்டினால், தண்டு தாழ்ந்தாலும் கணு கட்டின் மேல் தங்கி நிற்கும். பூங்கொத்துக்கு நேர் கீழே கட்டுவதைத் தவிர்க்கலாம். காய் பருக்கும்போது அதன் காம்பு கயிற்றில் மடிந்துவிடக்கூடும். விடியற்காலையில் தண்டு நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், வளைத்தால் ஒடிந்துவிடும். வெயில் ஏறிய பின் சற்றுத் துவண்டிருக்கும் வேளையில் வளைத்துக் கட்டுவது எளிது.

கட்டி முடித்ததோடு வேலை முடிந்துவிடுவதில்லை. வாரம் ஒருமுறை ஒவ்வொரு கட்டிலும் விரலை நுழைத்துப் பார்க்க வேண்டும். விரல் நுழையவில்லையென்றால், அன்றே அவிழ்த்துக் கட்ட வேண்டும். நோயுற்ற செடியில் கட்டிய கயிற்றை வேறு செடிக்குப் பயன்படுத்தக் கூடாது. அதன் வழியே நோய் பரவக்கூடும்.

சோதித்துப் பார்ப்போம்

புதிய பொருள் ஒன்று செடிக்கு ஏற்றதா என்பதை அறிய எளிய சோதனை உண்டு. அதனை இரு கைகளாலும் பிடித்து, முன்கையின் மீது வைத்து மெதுவாக அழுத்துங்கள். தோலில் கோடு விழுந்து வலித்தால், இளந்தண்டுக்கும் அது ஆகாது.

பள்ளித் தோட்டத்தில் குழுவாக இன்னொரு சோதனையும் செய்யலாம். பருத்தித் துணிப்பட்டை, சணல், தேங்காய்நார், ஞெகிழி ரஃபியா ஆகியவற்றில் ஒரே நீளமுள்ள இரண்டு துண்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை வெயிலும் மழையும் படும் வேலியில் கட்டுங்கள். மற்றொன்றை ஈரமண்ணில் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, அடையாளக் குச்சி நடுங்கள். எட்டு வாரங்களுக்குப் பின் இரண்டையும் எடுத்து, நிறம், உறுதி, எஞ்சியுள்ள அளவு ஆகியவற்றை அட்டவணையில் குறியுங்கள். வேலியில் எது உழைத்தது, மண்ணில் எது மறைந்தது என்பதை ஒப்பிட்டால், உங்கள் தோட்டத்திற்கு ஏற்ற பொருளை நீங்களே தீர்மானிக்கலாம்.

அறுவடைக்குப் பின் பந்தலைப் பிரிக்கும் நாளில், கட்டிய கயிறுகளையும் எண்ணிச் சேகரிப்பதை வழக்கமாக்கிக்கொள்ளலாம். பருத்தியும் சணலும் வாழைநாரும் மட்குரக் குழிக்குச் செல்லட்டும். பற்றுநாடாவும் உறையிட்ட கம்பியும் கழுவிக் காய்ந்து அடுத்த பருவத்திற்குக் காத்திருக்கட்டும். ஞெகிழிக் கயிறு பயன்படுத்தியிருந்தால், அதன் ஒரு துணுக்கும் மண்ணில் தங்காதபடி பொறுக்கியெடுக்க வேண்டும். அப்படிப் பொறுக்கிய குழுவினர், அடுத்த முறை எந்தக் கயிற்றை வாங்குவது என்பதில் நெடுநேரம் விவாதிக்க மாட்டார்கள்.